படம் எடுப்பவர் பெயர் கேட்கட்டும்!

செம்பூர் மார்க்கெட்டிலும், தாராவியின் சந்துகளிலும், மாட்டுங்காவின் பூக்கடை வரிசையிலும் காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும் சுற்றுலாப் பயணியைப் பார்க்காத மும்பைத் தமிழர் இருக்க மாட்டார். குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண், கூடை சுமக்கும் கிழவி, மூக்கு ஒழுகும் குழந்தை எல்லாமே அவருக்குப் படம்தான். 'கிளிக்' என்று ஒரு சத்தம். ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், ஆள் போய்விடுவார். முகமும் அவரோடு போய்விடும்.

எங்கே போகிறது அந்த முகம்?

1984-ல் பாகிஸ்தானில், பெஷாவர் அருகே ஓர் அகதி முகாமில், ஸ்டீவ் மக்கரி என்ற அமெரிக்கர் பச்சைக் கண் சிறுமி ஒருத்தியைப் படம் எடுத்தார். 1985 ஜூனில் அது 'நேஷனல் ஜியாகிரபிக்' அட்டையில் வந்தது. உலகமே பார்த்தது, அந்தப் பெண் பார்க்கவில்லை! 2002-ல் தேடிப் பிடித்த பிறகுதான் அவர் பெயர் ஷர்பத் குலா என்று தெரிந்தது. அதுவரை 17 ஆண்டுகள், 'ஆப்கன் பெண்' என்பதுதான் பெயர்.

அது எங்கோ நடந்தது என்று தள்ளிவிடலாமா? திருநெல்வேலிப் பக்கம் வரன் பேசிக்கொண்டிருக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். சாக்கடை ஓரத்தில் மகள் பாத்திரம் கழுவும் படம் மாப்பிள்ளை வீட்டார் கைப்பேசியில் வந்து நின்றால், அந்தத் தகப்பனார் என்ன பதில் சொல்வார்?

நம்மவர் ஊருக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்ட விதமே வேறு. இரவல் கோட்டு, இரவல் கைக்கடிகாரம், முகத்தில் பவுடர், பின்னால் திரையில் பூந்தோட்டம்! கொஞ்சம் பொய்தான். ஆனால் தன்னை எப்படிக் காட்டுவது என்பதை அவரே முடிவு செய்தார்.

1948-ல் ராஜ் கபூர் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோ செம்பூருக்கு அடையாளமாக இருந்து, 2019-ல் கைமாறியது. சினிமாவில் ஏழை வேஷம் போடுகிறவருக்குச் சம்பளம் உண்டு. சந்தில் ஏழையாகவே நிற்பவருக்கு ஒரு பிரதிகூடக் கிடைப்பதில்லை.

அதற்காகப் படமே எடுக்கக் கூடாது என்பதல்ல. பிரேசில் நாட்டுப் புகைப்படக்காரர் செபாஸ்தியாவோ சல்காடோ 1995-ல் சர்ச்கேட் ரயில் நிலையத்தில் எடுத்த படம் ஒன்று உண்டு. ரயில்கள் தெளிவாக நிற்க, நடுவே ஜனக்கூட்டம் புகைபோல் கலைந்து ஓடுகிறது. ஒருவர் முகமும் பிடிபடாது. ஆனால் தினமும் லோக்கலுக்கு ஓடும் குமாஸ்தா அதில் தன்னைக் கண்டுகொள்வார். பொருளாதாரம் படித்தவர் சல்காடோ. ஊர்விட்டு ஊர் போகும் மக்களைப் பல நாடுகளில் பின்தொடர்ந்து படம் எடுத்தவர். 2025-ல் காலமானார்.

இன்னொன்று. தாராவியைச் சுற்றிக்காட்ட 2005-ல் தொடங்கப்பட்ட ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனம், சந்துகளில் காமிரா கூடாது என்று விதி வைத்தது. அதனால் வியாபாரம் படுத்துவிடவில்லை!

நம்மவர்களும் யோக்கியம் இல்லை. அந்தமானுக்குப் போனால் ஜாரவா மக்களைப் படம் எடுக்கத் துடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். அவர்களைப் பயணிகள் முன் ஆடவைத்து எடுத்த வீடியோ 2012-ல் வெளிவந்து நாட்டுக்கே தலைகுனிவு ஏற்பட்டது.

பெயர் கேட்க ஒரு நிமிடம் ஆகாது. 'வேண்டாம்' என்றால் காமிராவை இறக்கிவிட வேண்டும். சரி என்றால், எடுத்த படத்தை அவருக்கும் அனுப்ப வேண்டும். இன்று அதற்குக் காலணா செலவில்லை, கைப்பேசியே போதும். நம் சங்கங்களும் சால் கமிட்டிகளும் சந்து முனையில் ஒரு பலகை வைக்கலாம்: 'கேட்டுவிட்டுப் படம் எடுக்கவும்.' தமிழிலும், இந்தியிலும், மராட்டியிலும், ஆங்கிலத்திலும். கணபதி பந்தலுக்கு வசூல் செய்கிற கமிட்டிக்கு ஒரு டப்பா பெயிண்ட் பெரிய செலவா?