புகைக்கணக்கு

2070-ல் நிகர பூஜ்யம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் நம் பிரதமர் அறிவித்தார். அதாவது, நாம் விடுகிற புகையும் காடு கரை உறிஞ்சுகிற புகையும் சரிக்குச் சரி. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?

2005-ஐ விட 2020-ல் 36 சதவிகிதம் குறைத்துவிட்டோம் என்கிறது அரசு அறிக்கை. அட என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், குறைந்தது புகை இல்லையாம் சார். ஜி.டி.பி.யில் ரூபாய்க்கு இத்தனை புகை என்கிற விகிதமாம்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்காரர் யாரையாவது கேளுங்கள். புது மெஷின் வந்தால் ஒரு போல்ட்டுக்கு ஆகிற கரண்ட் குறையும். ஆர்டர் டபுளானால் பில் எகிறும். ரீடிங் எடுக்க வருகிறவர் போல்ட்டை எண்ணுவதில்லை, மீட்டரைத்தான் பார்க்கிறார்.

வளர்கிற நாட்டுக்கு விகிதக் கணக்கு தப்பில்லை, பி.காம். படித்தவன் ரேஷியோவைத் திட்டமாட்டான். ஆனால் பூஜ்யமாக வேண்டியது மொத்தம். காடு உறிஞ்சியது போக, 2020-ல் அது சுமார் 244 கோடி டன்.