தயிர்ச் சட்டியும் விளம்பரப் புட்டியும்

குடலுக்கு நன்மை செய்யும் கிருமிகள் அடங்கியவை என்று சொல்லி, ‘புரோபயாட்டிக்’ புட்டிகளும் மாத்திரைகளும் இன்று எங்கும் விற்கப்படுகின்றன. ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ சக்தி உண்டு, முதுமை அண்டாது என்றும் ஆசை காட்டப்படுகிறது. கங்காதர நெல்லூரிலிருந்து சித்தூருக்கும் திருப்பதிக்கும் வேலைக்குச் செல்லும் தொழிலாளியும் குமாஸ்தாவும் இவற்றுக்குப் பணம் செலவிடத்தான் வேண்டுமா?

உடலில் பிராணவாயு பயன்படும்போது உயிரணுக்களைச் சிதைக்கும் சில பொருள்களும் உண்டாகின்றன. அவற்றை அடக்குவதே ஆன்டிஆக்ஸிடன்டின் வேலை. ‘லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம்’ என்ற கிருமி, தன்னுள் மாங்கனீஸைச் சேர்த்து வைத்து இந்தத் தீங்கைச் சமாளிக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானிகள் 1981-ல் கண்டனர். ஆனால், கிருமி தன்னைக் காத்துக்கொள்வது வேறு. மனிதனின் மூப்பைத் தடுப்பது வேறு. பின்னதற்கு உறுதியான சான்று இல்லை.

அதற்காக எல்லாமே பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. ஒடிசாவில் பிறந்த 4,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. இதே இனத்தைச் சேர்ந்த, தேர்ந்தெடுத்த ஒரு வகைக் கிருமியை 7 நாட்கள் கொடுத்ததில், இரத்தத்தில் நச்சு பரவும் நோயும் மரணமும் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. இன்ன வகை, இவ்வளவு அளவு, இன்ன நோய் என்று வரையறுத்துக் கண்ட பலன் இது. இதைக் காட்டி எந்தப் புட்டியையும் சர்வரோக நிவாரணி என்று விற்பது நியாயமாகாது.

புரோபயாட்டிக் உணவில், ஒரு நாளைக்குரிய அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள கிருமிகள் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. வாங்குவோர் கிருமியின் பெயர், எண்ணிக்கை, காலாவதித் தேதி ஆகியவற்றைப் பார்த்து வாங்குவது அவசியம். குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய புட்டி வெயிலில் கிடந்தால், காசுதான் வீண்.

வீட்டுத் தயிரில் எந்தக் கிருமி எத்தனை என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஆயினும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிச்சயம். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்கிறது. பால் சர்க்கரையைச் செரிக்க அதன் கிருமிகள் உதவுவதே காரணம். கொதிக்க வைத்த மோர்க் குழம்பில் அவை உயிரோடிரா. தமிழர் பழையது என்பதும் தெலுங்கர் சத்தன்னம் என்பதும் கிருமிகளால் புளித்த சோறுதான். சுத்தமான நீர் ஊற்றி, மூடிவைத்து, மறுநாளே உண்பது நலம். குழந்தைக்குப் பேதி கண்டால் முதலில் தேவை உப்பு-சர்க்கரைக் கரைசலும் டாக்டரின் ஆலோசனையுமே.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் மாத்திரையை வாங்கலாம். விளம்பரம் சொல்கிறதே என்பதற்காக, வீட்டில் பாலுக்கும் காய்கறிக்கும் ஒதுக்கிய பணத்தைப் புட்டிக்குக் கொடுப்பது விவேகமல்ல.