வீதி உயர்கிறது, நீர்வழி அடைபடுகிறது

சீனன்குடாவிலிருந்து தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் பிரியும் கிராம வீதிகள் பல தாழ்ந்த தரையில் ஓடுபவை. ஒரு பக்கம் திருகோணமலை உட்துறைமுகம், மறுபக்கம் தம்பலகாமம் குடா, அப்பால் கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் வயல்வெளி, இடையிடையே களப்பும் கண்டலும். இந்த நிலத்தில் ஒரு கிரவல் வீதியை ஒன்றரை அடி உயர்த்திக் காபட் போட்டால் அது வீதியாக மட்டும் இராது, அணையாகவும் வேலை செய்யும். கிராம வீதிப் புனரமைப்பில் சுற்றாடலைக் காப்பது என்றால் முதலில் இந்த அணையைக் கவனிப்பதுதான். மரம் நடுவதும் பெயர்ப்பலகை வைப்பதும் அதற்குப் பிறகு வர வேண்டியவை.

இலங்கையின் சட்டம் சிறு வீதிகளை மனதில் கொண்டு எழுதப்படவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எந்தெந்த வேலைக்கு அது தேவை என்ற பட்டியல் 1993 ஜூன் மாத வர்த்தமானியில் வெளியானது. அதில் வீதி பற்றிய வரி, 10 கிலோமீற்றருக்கு மேல் நீளும் தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளைக் குறிக்கிறது. ஈரநிலத்தை நிரப்புவது 4 ஹெக்டயரையும் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது 1 ஹெக்டயரையும் தாண்டினால் பட்டியலுக்குள் வரும். பிரதேச சபைக்குச் சொந்தமான 2 கிலோமீற்றர் வீதி இந்த அளவுகள் எதையும் எட்டாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை அனுமதி கேட்கிறது. களப்பும் ஆறும் கடலோடு சேரும் இடங்களில் அந்த எல்லை 2 கிலோமீற்றர் வரை போகும். குடாவை ஒட்டிய வீதிகள் இந்த எல்லைக்குள் விழக்கூடியவை. ஆனாலும் “இருக்கிற வீதியைத்தான் திருத்துகிறோம்” என்ற ஒரு வாக்கியத்துக்கு அலுவலகங்களில் தனி மரியாதை உண்டு.

பத்துச் சிறு வீதிகள் சேர்ந்து ஒரு வயல்வெளியைச் சுற்றி வளைத்தாலும், ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்க்கும் கோப்பில் அது தெரியாது. சட்டத்தின் பெரிய ஓட்டை இதுவே.

வெளிநாட்டுக் கடனில் நடக்கும் வேலைகளில் நிலைமை சற்றுப் பரவாயில்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2014இல் தொடங்கிய ‘ஐ ரோட்’ திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2017இல் அங்கீகரிக்கப்பட்டபோது கிழக்கு மாகாணமும் அதில் சேர்ந்தது. வங்கியின் 2009ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கைப்படி ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை, சுற்றாடல் முகாமைத்துவத் திட்டம், கிராம சேவகர் மட்டத்திலும் பிரதேச செயலக மட்டத்திலும் குறைகேள் குழு ஆகியவை அங்கே உண்டு. காணி சுவீகரிப்பு இல்லாமல், இருக்கும் வீதி எல்லைக்குள்ளேயே வேலை முடிய வேண்டும் என்பதும் அதன் விதி. மக்களை இடம்பெயர்க்காத நல்ல விதிதான். ஆனால் ஒடுங்கிய எல்லைக்குள் வண்டி ஓடும் தளம் விரியும்போது முதலில் காணாமற்போவது ஓரத்து வடிகான். அந்த நட்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

உள்நாட்டு நிதியில் நடந்த ‘மக நெகும’ போன்ற திட்டங்களுக்கும், 2020இல் அறிவிக்கப்பட்ட ஒரு இலட்சம் கிலோமீற்றர் வீதித் திட்டத்துக்கும் கடன் கொடுப்பவரின் கெடுபிடி இல்லை. ஒரே ஊரில், ஒரே வயலின் இரு கரையில் ஓடும் இரண்டு வீதிகளில் ஒன்றுக்குச் சுற்றாடல் விதி, மற்றதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை தொடரக்கூடாது. நிதி எங்கிருந்து வந்தாலும் தண்ணீர் ஒரே வழியில்தான் ஓடுகிறது.

திருகோணமலைக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆண்டுச் சராசரியைக் கொண்டு மதகின் அளவைத் தீர்மானிப்பவர் இங்கே தோற்பார். ஒரு நாளில் எவ்வளவு பெய்யும், அந்த நாளில் குளத்து வான் பாயுமா, குடாவில் வற்றா பெருக்கா என்ற மூன்றும் சேர்ந்தே அளவைத் தீர்மானிக்கின்றன. பழைய கிரவல் வீதி தாழ்ந்திருந்ததால் வெள்ளம் அதன் மேலாக வழிந்து போயிற்று. இரண்டு நாள் போக்குவரத்து நின்றது, வயல் பிழைத்தது. வீதி உயர்ந்தபின் அதே தண்ணீர் மதகின் வாயை மட்டுமே நம்பியிருக்கிறது. செலவு குறையும் என்று குறுகிய ஹியூம் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டால் முதல் மாரியிலேயே சல்வீனியாவும் வாழைத்தண்டும் பிளாத்திக்குப் பையும் அதை அடைத்துவிடும். மேல்பக்க வயலில் கதிர் அழுகும். கீழ்ப்பக்கத்தில் குழாயிலிருந்து பீறிடும் நீர் வரம்பை அரிக்கும். பெட்டி மதகு விலை கூடியதுதான். ஆனால் அதற்குள் ஆள் இறங்கித் துப்பரவு செய்யலாம்.

கண்டல் ஓரங்களில் கேடு வேறு வகை. அங்கே தண்ணீர் ஒரு திசையில் மட்டும் ஓடாது, வற்றுப்பெருக்கோடு போய்வரும். வீதி அதை மறித்தால் ஒரு பக்கம் உப்பேறிக் காயும், மறுபக்கம் நன்னீர் தேங்கும். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் நெடுநாள் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் மரம் பட்டுப்போகும். வீதி போட்ட ஆண்டில் இது தெரியாது. மூன்று நான்கு ஆண்டு கழித்து மரம் காயும்போது ஒப்பந்தக்காரர் வேறு மாவட்டத்தில் இருப்பார். கண்டல் போனால் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும் இடம் போகும். தம்பலகாமம் குடாவின் செழிப்புக்குப் பழைய சான்று ஒன்று உண்டு: 1858க்கு முந்திய 3 ஆண்டுகளில் மட்டும் இந்தக் குடாவின் சேற்றிலிருந்து 1 கோடியே 80 இலட்சத்துக்குக் குறையாத கண்ணாடிச் சிப்பிகள் முத்துக்காக அள்ளப்பட்டதாக அக்கால இயற்கையியலாளர் கெலார்ட் கணித்தார். அப்படிப்பட்ட நீர்நிலைக்குள் மாரி தொடங்கும் நேரத்தில் கிண்டிப்போட்ட மண் கரைந்து இறங்க விடுவது பொறுப்பற்ற செயல். மண்வேலை செப்டெம்பருக்குள் முடியாவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது கடினமல்ல.

குளக்கட்டின் மேல் ஓடும் வீதிகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கட்டின் மேல் கனரக வாகனங்கள் ஓடியதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கிராமக் குளக்கட்டு வழியாக டிப்பரை விடும் எந்த வேலைத்தளமும் அந்த நாளை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அந்த டிப்பர்கள் எங்கிருந்து வருகின்றன என்பது அடுத்த கேள்வி. 5 மீற்றர் அகலத்தில் 1 கிலோமீற்றர் வீதியை அரை மீற்றர் உயர்த்த 2,500 கன மீற்றர் மண் வேண்டும். இறுக்கும்போது குறையும் அளவைச் சேர்க்காமலே, 3 கியூப் ஏற்றும் டிப்பருக்கு அது ஏறக்குறைய 300 நடை. இவ்வளவு கிரவலும் ஏதோ ஒரு மேட்டை வெட்டித்தான் வருகிறது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி அகழ்வுக்குப் புவிச்சரிதவியல் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரம் பெரும்பாலும் இருக்கும். குழியை மூடிச் சரிவைச் செப்பனிட வேண்டும் என்ற நிபந்தனையைப் பெக்கோ அடுத்த இடத்துக்குப் போனபின் யார் பார்ப்பது என்பதில்தான் வழுக்கல். செங்குத்தாக வெட்டிய குழியில் மழைநீர் நிறைந்தால் மாடும் பிள்ளைகளும் விழுகிற இடமாகிவிடும்.

குழியைப் பயனுள்ளதாக்கவும் வழியுண்டு. எத்தியோப்பியாவின் திக்ரே மாநிலத்திலும் கென்யாவின் மக்குவேனியிலும் வீதியோர நீரைத் திருப்பி, மண் எடுத்த குழிகளைப் பண்ணைக் குளமாக்கியிருக்கிறார்கள். சரிவைச் சாய்வாக வெட்டி, வீதியின் வடிகானைக் குழிக்கு இழுத்துவிட்டால் கச்சான் வீசும் மாதங்களில் மாடு குடிக்கத் தண்ணீர் நிற்கும். ஆயிரக்கணக்கான சிறுகுளங்களைக் கட்டிய உலர்வலயத்துக்கு இது புதுப்பாடம் அல்ல. எந்தக் குழி மூடப்படும், எது குளமாகும் என்பதை வெட்டுவதற்கு முன்பே ஊரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும், அவ்வளவே.

கச்சான் காலத்தில் புழுதி, தளம் நனைக்கக் குளத்து நீரை பவுசரில் அள்ளுவது, தார் காய்ச்ச விறகு, வீதியோரப் பெண் பனையை அனுமதியின்றி விழுத்துவது ஆகிய எல்லாம் வழமையான முறைப்பாடுகள். ஒழுங்கான மேற்பார்வை இருந்தால் தீரக்கூடியவை. நுளம்பு விடயம் மட்டும் அப்படியல்ல. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே கிண்ணியாவில் டெங்கு உயிர்களைப் பறித்தது. டெங்கு நுளம்பு பெரிய குழியைவிடச் சிறு கொள்கலத்தையே நாடும். வேலைத்தளத்தில் வெறுமையாகக் கிடக்கும் தார்ப் பீப்பாய், நிமிர்த்தி வைத்த குழாய், பழைய டயர் எல்லாம் அதற்குத் தோதானவை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வாராந்தச் சுற்றில் வீதி வேலைத்தளமும் சேர வேண்டும்.

வேலை நடக்கும் காலத்தில் மக்கள் எந்த வழியாகப் போவார்கள் என்பதும் முகாமைத்துவத் திட்டத்தின் ஒரு பகுதிதான். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மாற்றுவழியாக ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படக் குறைந்தது 6 பேர் இறந்தனர். மாற்றுவழியைப் பாலத்துக்கு முன்பே கட்ட வேண்டும் என்ற விதியை எழுத இன்னொரு சாட்சி தேவையில்லை.

இவ்வளவு நிபந்தனை போட்டால் வீதியே வராது என்று ஒரு வாதம் எழும். அது வெறும் சாக்கு அல்ல. போர் முடிந்து, 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பிரசவ வலியோடு துறையில் காத்திருந்தவர்கள் இந்த மாவட்டத்தில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கண்டலைப் பற்றி முதலில் பேசுவது நியாயமில்லை. ஆனால் மேலே சொன்னவற்றில் ஒன்றும் வீதியை நிறுத்தச் சொல்லவில்லை. மதகைப் பெரிதாக்குவதும் கால அட்டவணையை மாரிக்கு முன் முடிப்பதும் வீதியின் ஆயுளையும் கூட்டும். நீர் தேங்கிய அடித்தளத்தின் மேல் போட்ட காபட் விரைவில் வெடித்துக் குழியாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளம் இந்தச் செலவுக் கணக்கை மீண்டும் திறந்துவிட்டது.

முதலில் மாற வேண்டியது பணம் கொடுக்கும் ஒழுங்கு. ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வைத்துப் பின்னர் விடுவிக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பங்கை ஒரு முழு மாரியோடு பிணைக்க வேண்டும். மாரி முடிந்தபின் பிரதேச சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் வீதியை நடந்து பார்த்து, மதகு ஓடியதா, குழி செப்பனிடப்பட்டதா என்று கையெழுத்திட்டால்தான் மிகுதிப் பணம் விடுபட வேண்டும். மதகு எங்கே, எவ்வளவு அகலம் என்பதை வரைபடம் கீறும் முன் வட்டவிதானையிடம் கேட்பது கட்டாயமாக வேண்டும். வெள்ளம் எங்கே ஏறும் என்பது அவருக்குத் தெரியும். சுற்றாடல் முகாமைத்துவத் திட்டம் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச சபை அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். மத்திய சுற்றாடல் அதிகார சபை, ஒரே நீரேந்துப் பரப்பில் வரும் சிறு வீதிகளை ஒன்றாகச் சேர்த்து மதிப்பிடும் வகையில் 1993ஆம் ஆண்டுப் பட்டியலைத் திருத்த வேண்டும்.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கித் தொகுதியின் உள்வீதிகளுக்கு இத்தகைய மதிப்பீடு இன்னும் அவசரம். 99 தாங்கிகளில் 61ஐ இலங்கை, இந்திய நிறுவனங்கள் கூட்டாக மேம்படுத்த 2022 ஜனவரியில் உடன்பாடு கைச்சாத்தானது. மேல் தொகுதியைச் சுற்றிக் காடு மண்டிக் கிடக்கிறது. அதற்குள் இருக்கும் பிரித்தானியர் காலத்து உள்வீதிகளைத் திறக்கும் வேலையும் ஏட்டில் “புனரமைப்பு” என்றே வரும். யானை நடமாடும் வழிகளை அளந்து குறிக்காமல் அந்த வேலைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.

‘ஐ ரோட்’ ஒப்பந்தங்களில் கிராம வீதியை வேலை முடிந்து 3 ஆண்டுகள் ஒப்பந்தக்காரரே பராமரிக்க வேண்டும். அந்தக் காலம் முடிந்ததும் வீதி பிரதேச சபையின் கைக்கு வருகிறது. மதகுகளின் பட்டியலோ துப்பரவுச் செலவுக்கான நிதியோ கூடவே வருவதற்கு உத்தரவாதமில்லை. ஒவ்வொரு மதகுக்கும் இலக்கமிட்ட பதிவேட்டைக் கையளிப்பதும், மாரிக்கு முன் அவற்றைத் துப்பரவு செய்ய மாகாண சபையின் வரவுசெலவில் தனித் தலைப்பு ஒதுக்குவதும் கையேற்பு நிபந்தனைகளில் சேர வேண்டும்.