இளநீரும் இரத்தக் கொதிப்பும்

ராசிங்காபுரத்தில் விருந்தாளி வந்தால் காப்பிக்கு முன்னே இளநீர் வந்துவிடும். அமிர்தம் போன்ற அதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடும் சிலருக்குக் கெடுதல் உண்டு.

இம்மாத்திரைகளுக்கு வழிகாட்டியது ஒரு பாம்பு! பிரேஸில் தேசத்து விரியனின் விஷத்தை ஆராய்ந்து ஸெர்ஜியோ பெரைரா என்ற விஞ்ஞானி 1965-ல் வெளியிட்ட உண்மையே இதற்கு வித்து.

நம் தேகத்தில் ஆஞ்சியோடென்ஸின் என்றொரு பொருள் இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. மிகுதியான பொட்டாசியம் என்னும் உப்புச்சத்தைச் சிறுநீரில் வெளியேற்றத் தூண்டுவதும் அதுவே. மாத்திரை அப்பொருள் உண்டாவதைக் குறைக்கிறது. குழாய் விரிகிறது; பொட்டாசியம் வெளியேறும் வாசலோ குறுகுகிறது.

சிறுநீரகம் திடமாயிருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. நீரிழிவினாலோ முதுமையினாலோ அது தளர்ந்தவருக்குத்தான் ஆபத்து. ஒரு டம்ளர் இளநீரில் சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. சோடியம் குறைத்து விற்கும் உப்பிலும் பொட்டாசியமே கலந்திருக்கிறது. இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். வெகுவாக மிஞ்சினால், முன்னறிவிப்பின்றியே இருதயம் தடுமாறி நின்றுவிடவும் கூடும்.

அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உயிரைக் காப்பது அது. இரத்தத்தைச் சோதித்து, இளநீர் எவ்வளவு ஆகும் என்று வைத்தியரைக் கேளுங்கள். காயைச் சீவுமுன், "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று விருந்தாளியை விசாரிப்பதும் உபசாரந்தான்.