ஒற்றைச் சாவியில் தொங்கும் வியாபாரம்

விலையுயர்ந்த பந்தயக் கார்களைப் பற்றி இந்தப் பத்தியில் எழுத வேண்டி வரும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் எனக்கும் போர்ஷே காருக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் 2025 நவம்பர் இறுதியில் ரஷ்யாவில் நடந்த ஒரு சம்பவம், நமது லொறிகளையும் வேன்களையும் பற்றிச் சிந்திக்க வைத்தது.

அந்த நாட்களில் ரஷ்யாவின் பல நகரங்களில் நூற்றுக்கணக்கான போர்ஷே கார்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. எஞ்சினில் பழுதில்லை, எரிபொருளும் இருந்தது. காரைத் திருட்டிலிருந்து காப்பதற்காகப் பொருத்தப்பட்ட செய்மதிக் கண்காணிப்புக் கருவி தொடர்பை இழந்தது. தொடர்பு இல்லையென்றால் யாரோ திருடுகிறார்கள் என்று கருதி, அது எஞ்சினைப் பூட்டிவிட்டது. 2013க்குப் பின்னர் தயாரான எல்லா வகைக் கார்களிலும் இது நிகழலாம் என்று அங்குள்ள பெரிய விற்பனை நிறுவனமான ரோல்ஃப் அறிவித்தது. 2022இல் உக்ரேன் யுத்தம் தொடங்கியதும் போர்ஷே கம்பனி ரஷ்யாவுக்குக் கார் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பணம் இருந்தும் உரிய உதவியை இலகுவாகப் பெற வழியில்லை. சிலர் அந்தக் கருவியைக் கழற்றினார்கள். சிலர் பெற்றரியைப் பல மணி நேரம் கழற்றி வைத்துப் பார்த்தார்கள். கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கியவரையே கள்வனாக எண்ணிக் கார் கதவடைத்த கதை இது.

பணக்காரர் பாடு என்று சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. ஏனெனில் அந்தப் பூட்டின் எளிய வடிவம் இன்று நமது வேனிலும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றும் சிறிய காரிலும் இருக்கிறது. அதன் பெயர் இம்மொபிலைசர்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. இரண்டு மிளகுமணி சேர்ந்த அளவுதான் இருக்கும். சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் சிப்புக்குச் சக்தி கொடுக்கிறது. சிப் தன் இரகசிய இலக்கத்தைச் சொல்கிறது. வாகனத்தின் கணினி அதை ஏற்றுக்கொண்டால்தான் எஞ்சின் ஓடும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சாவியின் இரும்புப் பல்லை அப்படியே வெட்டி எடுத்தாலும் கதவைத் திறக்கலாம், வண்டியை ஓட்ட முடியாது.

இந்தக் கருவியைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. அதனால் கிடைத்த நன்மை பெரிது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 ஒக்டோபரிலிருந்து புதிய கார்கள் அனைத்திலும் இதைக் கட்டாயமாக்கியது. 1995 முதல் 2008 வரையான காலத்தில் இதனால் கார்த் திருட்டு ஏறக்குறைய 40 வீதம் குறைந்ததாக நெதர்லாந்து ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். இதை வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே விற்ற 2015ஆம் ஆண்டு ஹியுண்டாய், கியா வாகனங்களில் 26 வீதமானவற்றில் மட்டுமே இம்மொபிலைசர் இருந்தது. மற்றக் கம்பனிகளின் வாகனங்களில் அது 96 வீதம். 2021, 2022இல் சிறுவர்கள்கூட அந்த வண்டிகளைக் களவாடிச் சென்றார்கள். கடைசியில் 2023இல் ஏறத்தாழ 20 கோடி டொலர் இழப்பீட்டுக்கு அந்தக் கம்பனிகள் இணங்க நேர்ந்தது. ஆகவே பூட்டு வேண்டும். பூட்டை நம்பி வாழ்பவன் அதன் குணத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் பேச்சு.

நமது நாட்டின் நிலைமை இதில் தனியானது. நாம் வாங்குபவை பெரும்பாலும் ஜப்பானில் ஒருவர் பாவித்து, ஏலத்தில் போய், கப்பலேறி வந்தவை. இரண்டு சாவியோடு புறப்பட்ட வாகனம் ஒற்றைச் சாவியோடு வந்து சேர்வது இங்கே புதினமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. அந்த ஐந்து வருடமும் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சாவி இன்னும் கொஞ்சம் தேய்ந்தது. என் வேனும் அப்படி ஒன்றுதான்.

இனிச் சொல்லப்போவது என் குற்றம். ஊரில் சிலருக்குத் தெரியும், தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அது ஒரு பழைய கே.டி.எச். வேன். வாங்கும்போதே ஒரு சாவிதான். இரண்டாவது சாவி செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன், ஒவ்வொரு வருடமும் அதைவிட அவசரமான செலவு வந்தது. சாவியின் தலை வெடித்திருந்தது. ஒரு ரப்பர் பட்டி சுற்றி வைத்திருந்தேன். சில நாட்களில் முதல் தடவை எஞ்சின் பிடிக்காது. சாவியை எடுத்துச் சட்டையில் துடைத்து, தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி திருப்பினால் சரி. எனக்கு அது பழகிவிட்டது.

2023இல் அதைக் கலேவெலைப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு விற்றேன். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி எடுத்து, மாத்தளைக் கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். விற்கும் நாள் காலையில் ரப்பர் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கறுப்பு டேப் வாங்கி அழகாகச் சுற்றினேன். எஞ்சினைப் பற்றி அவர் கேட்டார். எஞ்சின் தங்கம் என்றேன், அது உண்மை. டயரைப் பற்றிக் கேட்டார். அதற்கும் உண்மையே சொன்னேன். சாவியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டு இருக்கையில் போன் வந்தது. தக்காளியும் பயிற்றங்காயும் ஏற்றிக்கொண்டு வந்தவர், நாவுலையில் தேநீர் குடிக்க நிறுத்தியிருக்கிறார். இருட்டில் சாவி கையிலிருந்து நழுவிச் சரளைக் கல்லில் விழுந்து, தலை இரண்டாகப் பிளந்துவிட்டது. அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இரும்புத் துண்டைப் போட்டுத் திருப்பினார், ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. சிப் எங்கே விழுந்தது என்று தேட அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. யாரோ ஒரு டிரைவர் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது.

அவர் என்னைக் குறை சொல்ல எடுக்கவில்லை. “நானா, மற்றச் சாவி உங்கட வீட்டில மறந்து கிடக்குதா? யாரையாவது அனுப்பி எடுத்துக்கவா?” என்றார்.

நான் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இல்ல தம்பி, எனக்கு வந்ததே ஒண்டுதான்” என்றேன். “சரி நானா, பரவால்ல” என்று வைத்துவிட்டார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவர் கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

கண்டியிலிருந்து சாவிக்காரர் கருவியோடு வந்து சேர ளுஹர் ஆகிவிட்டது. ஓடுகின்ற சாவி ஒன்று கையில் இருந்தால் இன்னொன்றைப் பதிவது சிறு வேலை, 15,000 ரூபாவோடு முடிந்திருக்கும். ஒன்றுமே இல்லையென்றால் கணினியின் நினைவை அழித்துப் புதிதாகப் பதிய வேண்டும். 65,000 ரூபா ஆனது. தக்காளியைப் பாதி விலைக்கும் வாங்க ஆளில்லை. அன்று கடைகளுக்குச் சரக்குப் போகாததால் நிரந்தரமாக எடுத்த ஒரு கடைக்காரர் வேறு ஆளிடம் மாறிவிட்டார். வாகனம் அரை நாள் நின்றால் வாடிக்கை ஆயுளுக்கும் போய்விடலாம் என்பதை வியாபாரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நபி (ஸல்) அவர்கள் மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட சம்பவத்தை நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். ஈரமானதை மேலே வைத்து, வாங்குபவன் கண்ணால் கண்டு வாங்கட்டும் என்பது அங்கே படித்துக் கொடுத்த வியாபாரம். என் கடையில் ஈர மிளகைக் காய்ந்த மிளகோடு கலந்து கொண்டுவருபவரை நான் வாசலோடு திருப்பியனுப்புவேன். அதே கையால்தான் அந்த டேப்பைச் சுற்றினேன். மேலே காய்ந்தது, உள்ளே ஈரம்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வரும் என்று சிலர் கேட்பார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரி ஒருவர் பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்வதைத் தடுக்கிறது. நான் வாகன வியாபாரியுமல்ல, பொய்யும் சொல்லவில்லை. சட்டத்தின் முன் நான் தப்பிவிடலாம். ஆனால் குறையை அறிந்தவன் வாய் திறக்காமல் விற்பதை நமது மார்க்கம் அனுமதிக்கவில்லை. அன்று மாலையே நாவுலைக்குப் போய்ச் சாவிச் செலவையும் மரக்கறி நட்டத்தையும் கொடுத்தேன். தம்பி முதலில் வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். போன வாடிக்கையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஆகையால் வியாபாரச் சகோதரர்களுக்குச் சில வார்த்தைகள்.

வாகனம் வாங்கப் போகும்போது எஞ்சினுக்கு முன் சாவியைக் கேளுங்கள். எத்தனை சாவி என்று கேட்டு, ஒவ்வொன்றாலும் எஞ்சினை இயக்கிப் பாருங்கள். கதவைத் திறக்கும் சாவியெல்லாம் எஞ்சினை ஓட்டும் சாவியல்ல. ஒன்றுதான் உண்டென்றால் இரண்டாவது செய்யும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். சில வாகனங்களில் தாய்ச் சாவி ஒன்றும் சாதாரணச் சாவி ஒன்றும் இருக்கும். தாய்ச் சாவியால்தான் புதிதாகப் பதியலாம். ஆகவே கையில் இருப்பது எதுவென்றும் விசாரியுங்கள்.

ஏற்கனவே ஒற்றைச் சாவியில் ஓட்டுபவர்கள், அது ஓடும்போதே மற்றதைச் செய்துவிடுங்கள். செய்த சாவியை வேனுக்குள் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள். இரண்டையும் ஒரே வளையத்தில் கோர்க்கவும் வேண்டாம். பக்கத்திலுள்ள இன்னொரு சிப் சாவி குறுக்கிட்டு, சரியான சாவியையே வாகனம் அடையாளம் காணாமல் போவதுண்டு. இரண்டு வாகனத்தின் சாவியை ஒன்றாகத் தொங்கவிடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

டிரைவருக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள். எஞ்சின் பிடிக்காதபோது டெஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு அடையாள விளக்கு அணையாமல் எரிந்தால், அல்லது மின்னிக்கொண்டே இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இம்மொபிலைசரை. மற்றச் சாவிகளைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி முயல வேண்டும். பட்டன் அமுக்கும் வாகனங்களில் சாவியின் சிறு பெற்றரி இறந்திருந்தால், பிரேக்கை மிதித்தபடி சாவியை அந்தப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினால் பலவற்றில் எஞ்சின் இயங்கும். வாகனத்தின் பெரிய பெற்றரி பலவீனமானாலும் கணினி தடுமாறும், அதையும் பார்க்க வேண்டும். வெறுமனே ஸ்டார்ட்டரைச் சுற்றிச் சுற்றி மிச்சமிருக்கும் பெற்றரியையும் கொல்லக்கூடாது. ஹைபிரிட் வாகனத்தை முன்சக்கரம் உருளக் கட்டி இழுக்கவும் கூடாது, பழுது இரட்டிப்பாகும்.

“இந்தத் தொல்லையையே கழற்றிவிடலாம்” என்று சொல்லும் கராஜ்காரர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் வேன் அமெரிக்காவில் களவு போன அந்த வண்டிகளைப் போலாகிவிடும். இரண்டாவது சாவியின் செலவு அதைவிட எவ்வளவோ மலிவு.

கடைசியாக ஒன்று. நம் பகுதியில் பழைய வாகனங்கள் பெரும்பாலும் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்றே கைமாறுகின்றன. அந்த நம்பிக்கைதான் நமது முதல். வாகனம் விற்கும்போது எழுதிக்கொள்ளும் கடிதத்தில் இனி ஒரு வரி கூடட்டும்: சாவி எத்தனை, அவற்றின் நிலை என்ன. எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த வரியை நான் அன்று எழுதியிருந்தால், வேனின் விலை சில ஆயிரம் ரூபா குறைந்திருக்கும். நாவுலையில் ஒரு தம்பி அரை நாள் வீதியில் நின்றிருக்க மாட்டார்.