ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே இருப்பவர்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு வென்டிலேட்டர், மானிட்டர், இரவு பகலாக நர்ஸ் என்று எல்லாம் உண்டு. வெளியே வராந்தாவில் காத்திருக்கும் குடும்பத்துக்கு? ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் இடம் இருந்தால்.

நம் ஊரில் அந்த வராந்தாவைப் பார்க்காதவர்கள் குறைவு. உள்ளே போக ஒரு பாஸ், ஒரு ஆள், சில நிமிடங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வருவது பெரும்பாலும் மருந்துச் சீட்டு, இல்லாவிட்டால் கையெழுத்து வாங்க ஒரு தாள். டாக்டர் நடந்துகொண்டே, "இருபத்து நாலு மணி நேரம் போகட்டும், பார்க்கலாம்" என்பார். அந்த ஒரு வரிக்கு மனைவி ஒரு அர்த்தம் சொல்வார், மகன் வேறொன்று சொல்வான். நடுவில் பணமும் புரட்ட வேண்டும்.

இது வெறும் கவலை, நோயாளி வீடு திரும்பினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. தூக்கமின்மை, மனச்சோர்வு, திடுக்கிட வைக்கும் நினைவுகள் எல்லாம் மாதக்கணக்கில் தொடரலாம். மருத்துவர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்: பி.ஐ.சி.எஸ்.-எஃப். கடைசி எழுத்து குடும்பத்தைக் குறிக்கிறது.

2007-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. 22 ஐ.சி.யூ.க்களில், பிழைக்க வாய்ப்பில்லாத 126 நோயாளிகளின் குடும்பங்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பேச்சு, சுமார் 20 நிமிடம். மற்றதற்கு உட்காரவைத்து 30 நிமிடம் பேசினார்கள், குடும்பத்தாரை நிறையப் பேசவிட்டார்கள், ஒரு சிறு கையேடும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்து, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகள் முதல் பிரிவில் 69 சதவீதம் பேருக்கு இருந்தன; இரண்டாவதில் 45 சதவீதம். மருந்து, மாத்திரை எதுவும் இல்லை. பேச்சு மட்டும்தான்!

"இத்தனை நோயாளிகளுக்கு இவ்வளவு டாக்டர்தான், நேரம் எங்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தினமும் ஒரு குறித்த நேரம், உட்கார ஓர் இடம், ஒரே ஆள் விளக்குவது, இவற்றுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. வராந்தாவில் பத்துப் பேர் பத்து முறை கேட்பதும் அதனால் குறையும்.

வென்டிலேட்டரை எடுக்கலாமா என்ற கேள்வி வரும்போதுதான் இதன் அருமை தெரியும். புரியாமல் கையெழுத்துப் போட்டவர், "நான்தான் அப்பாவை விட்டுவிட்டேனோ" என்று வாழ்நாள் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார். புரிந்து போட்டவருக்கும் துக்கம் உண்டு, ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சியின் பாரம் குறையும். ஆகவே குடும்பத்தோடு பேசுவதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மருத்துவமனைகள் கருத வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?