குழாயின் நீளம்

கார் எஞ்சினின் புகைக்குழாயைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேச வருபவன் முதலில் அதற்கொரு காரணம் சொல்லியாக வேண்டும். என் காரணம் நாதஸ்வரம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் நரசிங்கம்பேட்டை என்றொரு சிற்றூர் இருக்கிறது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைக் கடைந்து அங்கே நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022-ல் அந்த வாத்தியத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முன்பு வழக்கில் இருந்தது குட்டையான, உச்ச சுருதி கொண்ட திமிரி. நீண்ட குழலும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாதஸ்வரம் கச்சேரி மேடையைப் பிடித்தது திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையால் (1898–1956). அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி சுத்த மத்யமம் இடறாமல் ஒலிக்கும்படி குழலைத் திருத்தி அமைத்தார். மரபு என்று இன்று நாம் கண்மூடிக் கேட்கும் ஒலி, ஒரு பட்டறையில் நடந்த திருத்த வேலையின் பலன்.

இதே நிலத்தில், இதே சாலையோரப் பட்டறைகளில், இன்னொரு வகைக் குழாயும் திருத்தப்படுகிறது. கார் எஞ்சினோடு கம்பெனி தரும் வார்ப்பிரும்பு மானிஃபோல்டைக் கழற்றிவிட்டு, தனித்தனிக் குழாய்களாக வளைத்துப் பற்றவைத்த ஹெட்டரைப் பொருத்துகிறார்கள். பந்தயக்காரர்கள் அதை எக்ஸ்ட்ராக்டர் என்பார்கள். பைக் மெக்கானிக்குகள் 'பெண்டு பைப்பு' என்று சொல்வதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, தானே ஸ்பேனர் பிடித்து இதைச் செய்துகொள்கிறவர்களும் உண்டு. நம் சமூகம் அவர்களை வீதியைக் கிழிக்கும் சைலன்சர்காரர்களோடு ஒரே கூட்டில் அடைத்து வைத்திருக்கிறது. சட்டமும் அப்படித்தான். இந்த இருவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் அந்தக் குழாய் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். எரிந்த வாயு, வால்வு திறந்ததும் அடைபட்டது சீறுவதுபோல் வெளியேறுகிறது. அந்தச் சீற்றம் ஓர் அழுத்த அலையைக் கிளப்புகிறது. சூடான வாயுவுக்குள் அந்த அலை நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். குழாய் அகன்று திறக்கும் இடத்தை எட்டியதும் அது தலைகீழாகி, அழுத்தம் குறைந்த அலையாகத் திரும்பி வருகிறது. அது வால்வை வந்தடையும்போது வால்வு இன்னும் மூடாதிருந்தால், உள்ளே தங்கிய மிச்சப் புகையை உறிஞ்சி இழுத்துப் புதிய கலவைக்கு இடம் பண்ணிக் கொடுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் போய்த் திரும்ப வேண்டிய அலை, சரியான கணத்தில் வந்து சேர்கிறதா இல்லையா என்பதைக் குழாயின் நீளம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நீண்ட குழாய் குறைந்த சுற்றில் இழுவை தரும். குட்டைக் குழாய் உச்சச் சுற்றில் பாயும். பாரியும் திமிரியும்.

ஒப்புமையை இதற்கு மேல் நீட்டினால் வித்துவான்கள் கோபிப்பார்கள். நாதஸ்வரக் குழல் கூம்பு வடிவம், விரல் துளைகள் வேறு இருக்கின்றன. ஆனால் குழலுக்குள் அலை போய்த் திரும்பும் கணக்கு இரண்டுக்கும் ஒரே பௌதிகம்.

கம்பெனியின் வார்ப்பிரும்பு மானிஃபோல்டில் இந்தக் கணக்குக்கு இடமில்லை. மலிவு, உறுதி, குறைந்த இடம், நீண்ட ஆயுள் என்று அதற்கு வேறு கடமைகள். ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் வாசலில் போய் மோதுவதும் உண்டு. 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினில், ஒன்றையும் நான்கையும் ஒரு ஜோடியாக, இரண்டையும் மூன்றையும் ஒரு ஜோடியாகச் சேர்த்துப் பிறகு ஒன்றாக்கினால் இந்த மோதல் குறைகிறது. மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர்கள். 240 பாகைக்கு ஒன்றாகச் சீராக வெடிப்பதால் மூன்று சம நீளக் குழாய்களை ஓரிடத்தில் சேர்த்தாலே போதும். அழகான, எளிய வேலை.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டலாம். கோயம்புத்தூர் கரிவர்தன், அந்த 796 கன சென்டிமீட்டர் எஞ்சினை வைத்து 1980-களின் கடைசியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 2005-ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவைக்கு அருகே 2003-ல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. காய்கறி வாங்கப் போகும் வண்டியின் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கத் துணிந்த கைகள் இல்லாமல் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

டெல்டாவுக்கு வருவோம். இங்கே கார் ஓட்டுபவருக்குப் பந்தயப் பாதை இல்லை. வெண்ணாற்றங்கரைச் சாலையில் எதிரே கரும்பு டிராக்டர் வந்தால் ஒதுங்கி, மறுபடி இரண்டாம் கியரில் இழுக்க வேண்டும். கும்பகோணத்துச் சந்துகளில் மூன்றாம் கியரே ஆடம்பரம். ஆகவே இந்த மண்ணுக்கு ஏற்றது நீண்ட குழாய். கடைகளில் பளபளப்பாகத் தொங்கும் பந்தய வகை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். அதைப் பொருத்திக்கொண்டவருக்கு மிஞ்சுவது சத்தமும், கீழ்ச்சுற்றில் முன்பிருந்ததையும் இழந்த இழுவையும். மாருதி 800 போன்ற சின்ன எஞ்சினில் சரியான ஹெட்டரால்கூடச் சில குதிரைசக்திக்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. கார்புரேட்டரின் ஜெட்டைத் திருத்தாவிட்டால் அதுவும் கிட்டாது.

வேலையின் விவரத்தை விரிவாக எழுதப் போவதில்லை. எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், பாட்டரியின் இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. துருப்பிடித்த ஸ்டட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊறவைப்பது வேலையில் பாதி. வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றில் நின்ற வண்டியென்றால் முக்கால் பங்கு. அவசரத்தில் ஒரு ஸ்டட்டை முறித்துவிட்டால் அதைத் துளையிட்டு எடுக்க லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். புது கேஸ்கட் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி ஆறவைத்து மீண்டும் முறுக்க வேண்டும். இணைப்பில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்ஸைடு காருக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது.

ஆனால் எந்தப் பொருத்தும் குறிப்பிலும் இருக்காத ஒரு விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். அது வைக்கோல். அறுவடைக் காலத்தில் தஞ்சை, திருவாரூர் கிராமச் சாலைகளே களமாகிவிடுகின்றன. நெல் காய்கிறது, உளுந்துச் செடி காய்கிறது, வைக்கோல் பரப்பப்படுகிறது. அதன்மேல் ஓடும் காரின் அடியில் வைக்கோல் சுற்றிக்கொண்டு, புகைக்குழாயின் சூட்டில் பற்றி எரிந்த சம்பவங்கள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. கம்பெனி மானிஃபோல்டுக்கு மேல் ஒரு தகட்டுக் கவசம் இருக்கும். ஹெட்டர் போடுபவர்கள் முதலில் தூக்கி எறிவது அதைத்தான், புதுக் குழாயோடு பொருந்தாது என்று. மெல்லிய குழாய் வெறுமையாக, முன்னைவிடத் தாழ்வாகத் தொங்குகிறது. வேறெங்கோ வரைந்த குழாய்க்கு நம் சாலையில் நெல் காய்வது தெரியாது. அதைத் தெரிந்தவர் இங்கே இருப்பவர்தான். தகட்டை வெட்டிப் புதுக் கவசம் செய்யும் தஞ்சாவூர்ப் பட்டறைக்காரரின் அறிவு, குழாயை வளைத்தவரின் அறிவுக்குக் குறைந்ததல்ல.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராக உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. ஒலி, புகை வரம்புகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி. பல நகரங்களில் காவல்துறை கைப்பற்றிய சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

நசுக்கப்பட்ட சைலன்சர்களுக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை. இரவு பதினொரு மணிக்கு மேலவீதியில் வேண்டுமென்றே வெடிச்சத்தம் எழுப்பிப் போகிறவன் எந்தத் தொழில்நுட்பத்தையும் வளர்க்கவில்லை. தூங்கும் குழந்தையும் இருதய நோயாளியும் அவனுக்குச் சபை அல்ல. ஹெட்டர் வேறு, சைலன்சர் வேறு. சைலன்சரையும், புகையைச் சுத்திகரிக்கும் கன்வர்ட்டரையும் அப்படியே வைத்துக்கொண்டு ஹெட்டர் மட்டும் மாற்றிய காரின் சத்தத்தில் பெரிய வேறுபாடு இருக்க வேண்டியதில்லை. பதிவுச் சான்றில் எஞ்சின் எண், சேஸ் எண், கன அளவு எல்லாம் உண்டு. குழாயின் நீளம் இல்லை. இது சட்டத்துக்குள்ளா வெளியிலா என்று திட்டவட்டமாகச் சொல்ல ஊரில் ஆளில்லை என்பதால்தான் இந்த வேலை இருட்டுக்குப் போகிறது. இருட்டில் செய்யும் வேலையில் தகட்டுக் கவசம் போடப்பட்டதா என்று பார்க்க யாரும் வருவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. இதே சட்டத்தில், பெட்ரோல் காரை எரிவாயுவுக்கு மாற்றும் கிட்டுக்கு அனுமதி உண்டு. அந்தக் கிட் சோதிக்கப்பட்டு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், அவ்வளவே. எரியும் வாயுவை டிக்கியில் சுமந்து செல்ல வழி செய்த சட்டம், எரிந்து முடிந்த வாயு போகும் குழாய்க்கு அப்படி ஒரு வழி செய்யவில்லை. புகை விஷயத்தில் உலகிலேயே கறாரான இடங்களில் ஒன்றான கலிஃபோர்னியாவில், சோதனையில் தேறிய ஹெட்டருக்கு அரசின் காற்றுவள வாரியம் ஓர் ஆணை எண் தருகிறது. அந்த எண் இருந்தால் பொருத்தலாம். ஜெர்மனியில் பொறியாளர் ஒருவர் திருத்தத்தைப் பரிசோதித்து வண்டியின் ஆவணத்தில் பதிந்து தருகிறார். நம்மிடம் புனேயில் ஏஆர்ஏஐ இருக்கிறது, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்த காரை மறுபதிவுக்காக மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் எப்படியும் நிறுத்துகிறோம். அங்கே ஒலியளக்கும் கருவி ஒன்றும், கவசத்தைக் குனிந்து பார்க்க ஒரு விளக்கும் இருந்தால் இந்தச் சபை கூடிவிடும். இப்போதைய புகைச் சான்றிதழில் ஒலி அளக்கப்படுவதே இல்லை.

பாரி நாதஸ்வரம் மரபானது இப்படித்தான். யாரும் அரசாணை போடவில்லை. திருத்திய குழலை ஊரறிய வாசித்துக் காட்டினார்கள். காது படைத்தவர்கள் கேட்டார்கள், ஏற்றார்கள்.

இதில் ஒரு கெடுவும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிகளுக்குப் பிந்தைய கார்கள் பலவற்றில் மானிஃபோல்டும் கன்வர்ட்டரும் ஒட்டியே இருக்கின்றன. சில எஞ்சின்களில் மானிஃபோல்டு சிலிண்டர் தலையோடு சேர்த்தே வார்க்கப்படுகிறது. கழற்றுவதற்குத் தனியாக ஒன்றுமே இல்லை. கன்வர்ட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் குழாய் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த நச்சு பக்கத்து வீட்டுக்காரரின் மூச்சுக்குப் போகிறது. ஆக, வீட்டு வாசலில் செய்யத்தக்க இந்தக் கைவேலைக்கு மிஞ்சியிருப்பது பழைய கார்கள் மட்டுமே. மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. அந்த வண்டிகள் எடைக்குப் போகும்வரைதான் அவகாசம்.

அதுவரை செய்துபார்க்க நினைப்பவர்கள், கழற்றிய வார்ப்பிரும்பு மானிஃபோல்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள், அதன் தகட்டுக் கவசத்தோடும் நட்டுகளோடும். ஆய்வாளர் என்ன சொல்வார் என்று இன்றைக்கு யாராலும் உறுதி கூற முடியாது.